ஒன்பதாவது மாடி, ரோட்டைப் பார்த்த பால்கனி: ஒன்றே முக்கால் வருட வாடகை அனுபவம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், எதையும் அப்படித் தொடங்கித்தான் பழக்கம். இரண்டு பெட்ரூம், 985 சதுர அடி. வாடகை 19,000. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய் 75 காசு, மாதம் 3,694 வருகிறது. (7,500-ஐத் தாண்டினால்தான் 18 சதவீத ஜிஎஸ்டி, அந்த மட்டும் தப்பித்தோம்.) அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை. மூவ்-இன் சார்ஜ் என்று 3,000, அது திரும்ப வராது. இது போக அபராதம் இதுவரை 1,250. அந்த 1,250 எதற்குப் போனது என்பதில்தான் இந்த விமர்சனத்தில் பாதி இருக்கிறது.

குடியிருப்பின் பெயரைப் போடவில்லை. இன்னும் அதே கேட்டுக்குள்தான் தூங்கி எழுகிறேன். தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் புதிதாக எழும்புகிற எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே பைலாதான், அதாவது ஓனர்கள் சங்கத்தின் விதிகள்தான், என்று புரோக்கரே சொன்னார். ஆகவே வீடு தேடுகிறவர்களுக்குப் பெயர் தெரியாமலும் பயன்படும்.

நாங்கள் 2024 பிப்ரவரியில் குடிவந்தோம். அதற்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாணமான நாளில் இருந்து ஒரே வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முட்டி வரை தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டு ஊறி உப்பிப் போனது, மாமியாரின் கட்டிலை நாலு செங்கல் வைத்துத் தூக்கினோம். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் என் கணவர் சொல்லிவிட்டார், இனி தரைத்தளமே வேண்டாம் என்று.

அந்த வகையில் இந்த இடத்துக்குக் குறை சொல்ல முடியாது. கரண்ட் போனால் பத்து வினாடிக்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் 24 மணி நேரமும் வருகிறது. லிஃப்ட் ஒரே ஒரு நாள்தான் நின்றது. மாமியாருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, அவர் தனியாகக் கீழே இறங்கி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறார். பத்து வருடமாகப் பார்க்காத காட்சி அது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு கடைக்குப் போக எனக்கு முன்பை விட ஐந்து நிமிடம்தான் கூட. பால்கனியில் நின்றால் இடது பக்கம் கடல், வலது பக்கம் தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள். ராத்திரி அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசி இத்தனை மாடி தாண்டியும் வருகிறது, தினமும் கம்பியைத் துடைக்க வேண்டும். அது ஊரின் குணம், பில்டர் என்ன செய்வார்?

அட்வான்ஸ் கட்டி, சாவி வாங்கி, சாமான் ஏற்றிய அன்று மேனேஜர் ரூமில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 34 பக்கம், ஆங்கிலம். அதற்குப் பெயர் கம்யூனிட்டி கைடுலைன்ஸ். சமையலறையில் உட்கார்ந்து ராத்திரி படித்தேன். முதல் பத்துப் பக்கம் பார்க்கிங், லிஃப்ட், குப்பை. மீதி 24 பக்கமும் வெளியே எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதுதான்.

பால்கனியில் துணி தெரியக்கூடாது. ஜன்னல் திரை எந்தக் கலரில் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ரோட்டுப் பக்கம் தெரிகிற லைனிங் வெள்ளையோ க்ரீமோதான். புறாவுக்கு வலை போட்டால் கண்ணாடி மாதிரித் தெரிகிற நைலான் வலை, பச்சை வலை கூடாது. டிஷ் ஆன்டெனா கூடாது, மொட்டை மாடியில் இருக்கிற பொது டிஷ்ஷில் இருந்து ஒயர் இழுத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கக்கூடாது. வாசல் பெயர்ப்பலகை அவர்கள் தரும் அக்ரிலிக்கில், அவர்கள் தரும் எழுத்தில். வாசல் நிலையில் கற்றாழை, படிகாரம், திருஷ்டிப் பூசணி, பொம்மை எதுவும் தொங்கக்கூடாது. மாவிலைத் தோரணம் பண்டிகைக்கு மூன்று நாள் அனுமதி. நாலாம் நாள் ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார். நாம் கேட்காமலேயே நடக்கிற ஒரே சர்வீஸ் அதுதான்.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் ஒரே வார்த்தை எலிவேஷன். கட்டடத்தின் முகப்பு என்று அர்த்தம். மேனேஜர், செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன், கடைசியில் என் பத்து வயதுப் பெண் வரை எல்லார் வாயிலும் அந்த வார்த்தை நுழைந்துவிட்டது. "அம்மா, துண்டை எடு, எலிவேஷன் கெடுது."

முதல் நோட்டீஸ் வந்த கதையைச் சொல்கிறேன். மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. மாமியாரின் சுங்குடிப் புடவை, அரக்குக் கலரில் வெள்ளைப் புள்ளி போட்டது. பால்கனிக் கம்பியில் காலை 9.50-க்குப் போட்டேன். நேரம் எப்படி நினைவிருக்கிறது என்றால், ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிடம்தான், அதற்குள் துணியை முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தேன். 10.10-க்கு போனில் டிங் என்றது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை அருகில் நின்று எடுத்த போட்டோ. அத்தனை பால்கனிக்கு நடுவில் எங்கள் புடவையைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. முதல் தடவை என்பதால் எச்சரிக்கை மட்டும், அடுத்த தடவை 500.

கணவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஜூம் நல்லா இருக்கு, என்ன போனோ" என்றார். மாமியாருக்கு அது சிரிப்பாக இல்லை. "இன்னா இது, சொந்தப் பொடவைய காயப்போட்டதுக்குப் போட்டோ புடிச்சு அனுப்பறானுங்க? நாம இன்னா எடுத்துட்டா வந்தோம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் வந்த ஊரின் பெயரே வண்ணாரப்பேட்டை. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்தவர்கள் இருந்ததால் வந்த பெயர். எங்கள் சந்தில் இந்த வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் ஒரே கொடி. யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் கொடியைப் பார்த்தே தெரியும். அது நல்லது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிவது சில நாள் கழுத்தை நெரிக்கும். இங்கே வந்த புதிதில், என் உள்பாவாடையை யாரும் எண்ண மாட்டார்கள் என்பதே ஒரு நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

சரி, பால்கனி இல்லையென்றால் எங்கே காயப்போடுவது? யுடிலிட்டி. மூன்றடிக்கு ஆறடி. அதில் வாஷிங் மெஷின், துடைப்பம், கேஸ் சிலிண்டர் போக மேலே இரண்டு கொடி கட்டலாம். குழாய்கள் இறங்குகிற டக்டைப் பார்த்த இடம், வெயிலே எட்டிப் பார்க்காது. கடல் பக்கம் என்பதால் காற்றிலேயே ஈரம். ஐப்பசி கார்த்திகையில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் பிசுபிசு என்றுதான் இருக்கும், ஸ்கூல் சட்டையில் ஒரு நாற்றம் ஏறிவிடும். 2,200 ரூபாய்க்கு மேலே ஏற்றி இறக்குகிற புல்லி ஹேங்கர் வாங்கி மாட்டினேன். கீழ் வீட்டு அக்கா இன்னொரு வழி காட்டினார். ஏசியின் வெளி யூனிட்டும் அதே யுடிலிட்டியில்தான் இருக்கிறது. ராத்திரி ஏசி ஓடும்போது அது தள்ளுகிற சூடான காற்றுக்கு நேராக நாற்காலி போட்டு, அதன் முதுகில் யூனிஃபார்மைப் போட்டால் காலையில் மொறமொறவென்று இருக்கும். அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கரண்ட் பில் எலிவேஷனில் தெரியாது பாருங்கள்.

இரண்டு 500 எப்படிப் போனது என்பதை நீட்ட வேண்டாம். ஒன்று போர்வை, ஒன்று பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரெயின்கோட்டை நான் வாங்கி மாட்டியது. 250 ரூபாய் துளசித் தொட்டிக்கு. அந்த 250-ஐ மட்டும் மனதாரக் கட்டினேன். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தது என் தப்பு. ஒன்பதாவது மாடியில் இருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே யார் தலை என்று யார் கண்டது? அதே மாதிரி காரிடாரில் செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள் வைக்கக்கூடாது என்பதும் சரிதான். தீப்பிடித்தால் ஓடுகிற வழி அது. புத்தகத்தில் இப்படிக் காரணத்தோடு இருக்கிற விதி ஏழெட்டு தேறும், அவற்றுக்கு யாரும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. 2024 ஜூலை 4-ஆம் தேதி எங்கள் பாத்ரூம் சீலிங்கில் உள்ளங்கை அளவு ஈரம். மேல் வீட்டுக் குழாய் ஜாயின்ட். அன்றே ஆப்பில் புகார் போட்டேன். 11-ஆம் தேதி புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது, யாரும் வந்து பார்க்கவில்லை. மறுபடி போட்டேன். ஆகஸ்டில் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது மேல இருந்து வருது மேடம்" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி புகாரை மூடினார்கள். செப்டம்பரில் ஈரம் சாப்பாட்டுத் தட்டு அளவானது. அக்டோபரில் காரை உதிர்ந்து பக்கெட்டில் விழுந்தது. அதே அக்டோபரில் மெயின் கேட் வளைவுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், கீழே இருந்து அடிக்கிற விளக்கும் போட்டார்கள். ஜோராகத்தான் இருந்தது. எங்கள் பாத்ரூமுக்கு ஆள் வந்து ஜாயின்டை மாற்றியது டிசம்பர் 9. எண்ணிப் பார்த்தேன், 158 நாள்.

புடவைக்கு 20 நிமிடம். ஒழுகலுக்கு 158 நாள். ஒரே ஆபீஸ், ஒரே மேனேஜர், ஒரே ஆப். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். தாளைப் பார்த்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், நம்ம ஏரியான்னாலே வெளியில ஒரு அபிப்பிராயம் இருக்கு. மேல துணி தொங்கினா ஹவுசிங் போர்டுன்னு நெனச்சிருவாங்க. ரேட் இறங்கிடும்."

காபியைக் குடித்து முடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. என் பெரியம்மா இருப்பது ஹவுசிங் போர்டில்தான். குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடு. வாரியத்தின் பெயரைக்கூட 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள், ஜனங்கள் வாயில் இன்னும் ஹவுசிங் போர்டுதான். அங்கே நாலு பக்கமும் துணி தொங்கும், ஆமாம். வீட்டுக்குள் ஆறு பேர் இருந்தால் வெளியில்தானே தொங்க வேண்டும்? சின்ன வயதில் கோடை லீவு முழுக்க நான் அங்கே இருந்திருக்கிறேன். படியேறும்போது ஈரப்புடவை முகத்தில் படும். அதில் நீலம் போட்ட வாசனை.

அன்றைக்குப் பிறகு புத்தகத்தை வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கில் கேரம் போர்டு போடக்கூடாது என்று ஒரு விதி. காரணம், கும்பல் கூடுவது பார்க்க நன்றாக இல்லை. கேரம்! எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கேரம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். செய்தி வந்த அன்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அத்தனை பேரும் கை தட்டிப் படம் போட்டார்கள். நம்ம ஏரியாப் பொண்ணு, பெருமை என்று மேனேஜரும் போட்டார். அந்த வார சனிக்கிழமை நாலு பையன்கள் பார்க்கிங்கில் போர்டை வைத்ததற்கு அவர்கள் அப்பாக்களுக்கு நோட்டீஸ் போனது.

எதிர் வீட்டில் ராயபுரம் அக்கா. டிசம்பர் பிறந்தால் அவருக்கு ஸ்டார் கட்டியாக வேண்டும். புத்தகத்தில் ஸ்டாருக்கு 20-ஆம் தேதியில் இருந்துதான் அனுமதி, பல்பு வார்ம் ஒயிட் மட்டும். அவர் ஒன்றாம் தேதியே சிவப்பு ஸ்டாரைக் கட்டினார், ஹாலுக்குள், ஜன்னலை ஒட்டி. வெள்ளை லைனிங் வழியாக ராத்திரி முழுக்க ரோட்டுக்குச் சிவப்பாகக் கசிந்தது. திரை விதிப்படி வெள்ளை, ஸ்டார் வீட்டுக்குள். மேனேஜர் இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். நோட்டீஸ் வரவில்லை.

மாமியாரின் சண்டை கோலத்தோடு. காரிடாரில் அரிசி மாவில் நாலு புள்ளிக் கோலம் போட்டார். ஆறரைக்கு மாப் வந்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங் செய்கிற ஒடிசாப் பெண் குனிந்து, கோலத்தைப் பார்த்து, மாமியாரைப் பார்த்து, "சாரி பாட்டி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் துடைத்தது. ஒரு அடி ஸ்டிக்கர் கோலத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. ஸ்டிக்கரைப் பார்த்த மாமியார், "இத எறும்பு துண்ணுமா?" என்றார். பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. மார்கழிக்கு மட்டும் மெயின் கேட் முன்னால் பிளாக்குக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். எங்கள் முறை வந்த அன்று நாலு மணிக்கே எழுந்து, லிஃப்டில் ஸ்டூலோடு இறங்கி, உட்கார்ந்தபடியே 15 புள்ளி 8 இடைப்புள்ளி போட்டு முடித்தார். அந்தப் படம் குடியிருப்பின் விளம்பரத்தில் இருக்கிறது, அனுமதி கேட்டுத்தான் போட்டார்கள்.

டெக்சாஸில் இருக்கிற என் அக்கா மகனிடம் இதையெல்லாம் போனில் கொட்டினேன். "சித்தி, இங்க வந்து பாருங்க, புல்லு ரெண்டு இஞ்ச் கூட வளந்தா லெட்டர் வரும்" என்று சிரித்தான். ப்ளோரிடாவில் டிஸ்னி கம்பெனியே கட்டிய செலிபிரேஷன் என்ற ஊரில் 1996-ல் ஜனங்கள் குடியேறினார்களாம். அங்கேயும் தெருப்பக்கம் தெரிகிற திரை வெள்ளையாகவோ அதை ஒட்டியோதான் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்களாம். ஆக, எங்கள் புத்தகத்தின் தாய்வீடு எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. அதே ப்ளோரிடாவில், சூரியத் தகட்டோடு துணிக்கொடியையும் சேர்த்து, இவற்றைச் சங்கம் தடை செய்ய முடியாது என்று சட்டம் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் அப்படித்தான். ஒரு மீட்டருக்குள் இருந்தால், அவரவர் பால்கனியில் வைப்பதைச் சங்கம் தடுக்கக்கூடாது என்று அவர்கள் தகவல் தொடர்பு ஆணையம் 1996-லேயே விதி போட்டுவிட்டது. விதியை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு விலக்கைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

இங்கே 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. சங்கம், பைலா எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் சங்கத்தில் உறுப்பினர் ஓனர்தான். வாடகைக்காரருக்குக் கூட்டத்தில் பின் வரிசை நாற்காலி உண்டு, கை தூக்க முடியாது. எங்கள் ஓனர் வேளச்சேரியில் இருக்கிறார். நோட்டீஸ் முதலில் அவருக்குப் போய், அங்கிருந்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்ற ஒரு வரியோடு எனக்கு வரும். அந்தப் பால்கனியை அவர் கடைசியாகப் பார்த்தது எங்களுக்குச் சாவி கொடுத்த அன்று.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பைலா புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் அதுவே பதில். யுடிலிட்டியை டேப் வைத்து அளங்கள், மத்தியானம் 12 மணிக்குப் போய் வெயில் விழுகிறதா பாருங்கள். பால்கனி ரோட்டைப் பார்த்ததா, உள்பக்கம் பார்த்ததா என்பதை முதலில் கேளுங்கள். எனக்கு இது தெரிய ஒன்றரை வருடம் ஆனது. துணி விதி ரோட்டுப் பக்கத்துக்குத்தான். உள்பக்கம் பார்த்த பால்கனியில், கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துக் காயப்போட்டால் யாரும் கேட்பதில்லை. அங்கே பார்க்க யாரும் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம்.

5-க்கு 3 கொடுக்கிறேன். லிஃப்ட்டுக்கும் தண்ணீருக்கும் ஒன்றொன்று, மாமியாரின் பெஞ்சுக்கு ஒன்று.

போன வாரம் சி பிளாக்கில் நாலாவது மாடி காலியானது. 18,500. பால்கனியில் நின்றால் கடல் கிடையாது, கிரேன் விளக்கு கிடையாது. ஜெனரேட்டர் ரூமும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற எஸ்டிபி தொட்டி மூடியும் தெரியும். பத்தரை மணிக்கு நல்ல வெயில் வருகிறது, நானே போய் நின்று பார்த்தேன். மாமியாரைக் கேட்டோம். "கடல எத்தினி நாளு பாக்கறது?" என்று சொல்லிவிட்டுப் புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். டோக்கன் கொடுத்தாயிற்று. ஒரே கேட்டுக்குள் மாறுவதற்கும் மூவ்-அவுட் சார்ஜ் தனி, மூவ்-இன் சார்ஜ் தனி என்று மேனேஜர் சொல்கிறார். அதற்கு மட்டும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன்.